பால் மறக்கடித்தல்

ஆறு ஐம்பதுக்கு ஆம்பூர் பைபாஸில்
கம்பெனி பஸ் இறக்கிவிடும்.
வீட்டுக்கு எட்டு நிமிஷ நடை,
ஐந்தில் வந்துவிடுவேன்.

கெசியா வாசலில் நிற்க மாட்டாள்.
கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பாள்
ஒரு கால் வெளியே தெரிய.
காணோமே காணோமே என்றபடி
முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவேன்.
பேஸ்டிங் டேபிளில் ஒன்பது மணிநேரம்.
பசை போய்விடும், அதன் வாசம் போகாது.
இத்தாலிக்குப் போகும் செருப்பின் நாற்றத்தை
அம்மா வாசம் என்று நினைத்திருக்கிறாள்
என் மகள்.

இரண்டு வயதும் நாலு மாதமும்.
பாச்சி என்று கேட்கத் தெரியும்.
அந்தப் பக்கம் என்று மாறத் தெரியும்.
ஃபோனை வை என்று அதட்டவும் தெரியும்.

பிறந்த வருஷம் தெருவே விசாரித்தது:
பால் பத்துதா?
பூண்டு உரித்துத் தந்தார்கள், பால்சுறா வாங்கி வந்தார்கள்.
முதல் பிறந்தநாள் கேக் தீர்ந்த மறுநாள்
அதே வாய்கள்: இன்னுமா?
ஒரு ராத்திரிக்குள் அது என்னவாகத் திரிந்தது என்று
ஒருவரும் சொல்லவில்லை.

வேப்பெண்ணெய் தடவு என்றாள் நாத்தனார்.
கத்தாழை என்றாள் பஸ்ஸில் பக்கத்து சீட் நூருன்னிசா.
பாலத்தில் பஸ் ஏறியதும் மணலைக் காட்டி,
"பாலாறே வத்திப்போச்சு, உனக்கு இன்னும் கீதா?"
நானும் சிரித்தேன்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு
"என் மூணாவது ரெண்டு வருஷம் முழுசாக் குடிச்சான்" என்றாள்.
அப்புறம் எதுக்குக் கத்தாழை?
"எல்லாரும் சொல்றாங்களே, நானும் சொன்னேன்."

தடவாமல் இல்லை.
ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.
வாய் வைத்தாள். முகம் கோணினாள்.
தன் கவுன் நுனியால் என்னைத் துடைத்துவிட்டு
அம்மாக்கு உவ்வே என்று
புண்ணுக்கு ஊதுவதுபோல் ஊதினாள்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
அங்கன்வாடி டீச்சருக்கு: ஆடி மாதக் காய்ச்சல்.
கஞ்சி, இளநீர், மருந்து எல்லாம் திரும்பி வந்த நாலு நாளில்
இது மட்டும்தான் உள்ளே தங்கியது.
அவர் தலையாட்டி ரிஜிஸ்டரில் ஏதோ எழுதினார்.
தேவநேசனுக்கு: சீக்கிரம் தூங்குகிறாள் இல்லையா?
அவருக்கு அது போதும்.

யாரிடமும் சொல்லாதது இரண்டு.
பஸ்ஸுக்கும் அடுப்புக்கும் நடுவே
நான் உட்காரும் ஒரே இடம் அது.
பால் கொடுக்கிறவளை எழுந்திரு என்று சொல்ல
இந்த வீட்டில் எவருக்கும் தைரியமில்லை.
இன்னொன்று,
ஆறு மாச லீவு முடிந்து வேலைக்குப் போன நாட்களில்
கம்பெனி பாத்ரூமின் வெள்ளை டைல்ஸில்
நான் பீய்ச்சி விட்டுத் தண்ணீர் ஊற்றியது.
இங்கே அவள் பாக்கெட் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.
அத்தனையும் அவளுக்கு நான் பாக்கி.

போன வாரம் ஷிப்மென்ட். ஓ.டி.
வரும்போது ஒன்பதரை.
ரசம் சோறு தின்று, முழு விரலும் மஞ்சளாக,
கேட்காமலே தூங்கியிருந்தாள்.
நல்லதாப் போச்சு என்றார் அவர்.
ஆமாம் என்றேன்.
தூக்கத்தில் அவள் உதடு
இல்லாத ஒன்றை இழுத்தது, நாலு தரம், ஐந்து தரம்,
பிறகு நின்றது.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பால் மறக்கடிக்கணும் என்கிறார்கள்.
அடித்தா மறக்க வைப்பது?
தினம் ஒரு மிடறு தானாகவே
மறந்துகொண்டுதான் இருக்கிறாள்.

காலையில் மடியில் ஏறினாள்.
இரண்டு இழுப்பு.
தெருமுனையில் குப்பை வண்டிப் பாட்டு கேட்டதும்
விட்டுவிட்டு ஓடினாள்.
வண்டி திரும்பி மறையும்வரை
கேட்டைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்தாள்.
பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.
நான் கொக்கி போடவில்லை.