பன்னிரண்டு ஃபிராங்க் மணி

பெயர்ப்பலகையை மாற்ற
ஆயிரத்து எண்ணூறு ஃபிராங்க் கேட்டார்கள்.
அதனால் கடை இன்னும்
'அல்லெமானும் மகனும்'தான்.
நாங்கள் அல்லெமான் இல்லை.
மகன் இருக்கிறான், சாருகன்.
ஆக, பலகையில் பாதி உண்மை என்பார் அப்பா.

லெங்க். தண்டவாளம் இங்கே முடிகிறது.
இறங்குகிற சனம் முதலில் மலையைப் பார்க்கும்,
பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்கும்,
பிறகு எங்களிடம் வரும்.
கத்தி, காந்தம், மரத்தில் மாடு,
உலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை.
போன ஜனவரியில் ஹீட்டர் நின்ற இரவு
அந்த உருண்டைகளில் பதினொன்று
உண்மையாகவே உறைந்து வெடித்தன.
அதை விளக்கிக் காப்புறுதிக்காரருக்கு எழுதிய கடிதம்தான்
நான் ஜெர்மனில் எழுதியவற்றில் நல்லது.
பணம் வரவில்லை.

ஜூனில், மாடுகள் மேலே போவதற்கு முதல்நாள்,
கடை மூட ஐந்து நிமிடம் இருக்கையில்
ரேகுலா சீகெந்தாலர் வந்தாள்.
ஏழு வருடமாக எங்கள் வாசலைத் தாண்டி
டிராக்டர் ஓட்டிப் போகிறவள்
ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.
ஏன் வரவேண்டும்?
இருக்கிற ஊருக்கு நினைவுப்பொருள் எதற்கு?

பூட்ஸைக் கழற்றவா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றாள் அம்மா,
கேட்டதே போதும் என்கிற முகத்துடன்.

கன்றுக்கு மணி வேண்டுமாம்.
இருந்ததன் நாக்கு தெறித்துவிட்டது,
வார்ப்புக்காரன் மூன்று வாரம் என்கிறான்,
விடியவே ஏறவேண்டும்.

"இது தகரம். சுவரில் மாட்டத்தான் சரி"
என்று தன் சரக்கைத் தானே பழித்தாள் அம்மா.
உள்ளறையில் அப்பா இருமினார்.
ரேகுலா கேட்கவில்லை.
ஒவ்வொன்றாக எடுத்துக்
காதருகே ஆட்டிப் பார்த்தாள்,
தேங்காய் வாங்குகிறவள்போல.
பத்தொன்பதாவதில் நின்றாள்.
"இது பரவாயில்லை."
வெள்ளைச் சிலுவை,
கீழே 'லெங்கிலிருந்து அன்புடன்'.
சிவப்பு வாரை மட்டும் கழற்றித் திருப்பித் தந்தாள்:
இதை மாடு தின்றுவிடும்.

ரசீது அடிக்கையில்
என்ன வகைப் பொருள் என்று கேட்டது இயந்திரம்.
அலங்காரம், ஆடை, உணவு, ஏனையவை.
விரல் கொஞ்சம் நின்றது.
ஏனையவை.

கோடை முழுக்க
அதைப்பற்றி யாரும் பேசவில்லை.
மேகம் இறங்கும் மாலைகளில்
அம்மா மட்டும் கதவைத் திறந்துவைத்து நிற்பாள்.
குளிருது என்போம்.
கடை வேர்க்குது என்பாள்.

செப்டெம்பரில் மந்தை இறங்கியது.
கொம்பில் பூ, கழுத்தில் அண்டா அண்டாவாய் மணி.
தெரு அதிர்ந்த அதிர்வில்
எங்கள் அலமாரி உருண்டைகளுக்குள்
யாரும் தொடாமலே பனி கிளம்பியது.
அத்தனை இடிக்குள்ளும் ஒரு கீச்சுக்குரல்,
பாட்டுத் தெரியாத பிள்ளை
எல்லோரையும்விட உரக்கப் பாடுவதுபோல.

விலை ஒட்டும் துப்பாக்கியோடே
வெளியே ஓடினான் சாருகன்.
கன்று இப்போது கன்றாக இல்லை.
மணி ஒருபக்கம் நசுங்கி,
சிலுவையில் ஒரு கை தேய்ந்து,
விளிம்பில் மட்டும்
மூன்று மாத மழைக்குப் பிறகும்
விலைச்சீட்டு.

"நல்ல பசை" என்றார் அப்பா.

ரேகுலா திரும்பிப் பார்க்கவில்லை.
கடையைத் தாண்டுகையில்
கைத்தடியை இரண்டு அங்குலம் உயர்த்தினாள்.
அது எங்களுக்கா, மாட்டுக்கா என்று
இரவுச் சாப்பாட்டில் தகராறு.

அதற்குமுன்,
மந்தை போன கையோடு
மழைக்கோட்டு போட்ட ஒருவர் வந்தார்.
அந்தச் சின்ன மாடு போட்டிருந்ததே,
அதே மாதிரி ஒன்று வேண்டும்.

பெட்டியைக் கவிழ்த்தாள் அம்மா.
ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினாள்.
ஒதுக்கினாள்.
அடுத்தது. அதுவும் இல்லை.
"எல்லாம் ஒன்றுதானே?" என்றார் அவர்.
"பொறுங்கள்" என்றாள்.
வரிசை வாசலைத் தாண்டி நீண்டது.