டேங்க் மூடி

பத்து நிமிடம் ஓடும்.
பிறகு இருமும், வெள்ளையாய்க் கொஞ்சம் புகைந்து
நின்றுவிடும் எண்பத்தேழு மாடல் மாஸி.

ஏர் பிடிச்சிருக்கு என்றார் செபஸ்தியான்.
ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினால்
ஒரு குமிழி இல்லாமல் வருகிறது டீசல்.
ஓடியது. பத்து நிமிடம்.

ஃபில்டர் இரண்டும் மாற்றியாச்சு.
நாசில்கள் காரைக்குடி போய்த் திரும்பின,
பூத்தூறலாய் அடிக்குது என்ற சீட்டோடு.
செம்பு வாஷர் புதுசு.
இனி பம்பைத்தான் கழற்றணும், பன்னிரண்டாயிரம் ஆகும்
என்றார், என்னைப் பார்க்காமல்.

புதுவயல் மில்லுக்கு நெல் ஏற்றிப் போகையில்
சாக்கோட்டை விலக்கில் நாலாவது தடவை.
டீசல் எவ்வளவு கிடக்கு என்று மூடியைத் திருகினேன்.
உஸ்ஸென்று உள்ளே இழுத்தது காற்றை,
கண்மாயில் முங்கித் தலைதூக்கியவன் மாதிரி.

செபஸ்தியான் கை நின்றது.
மூடியை வாங்கிக் கவிழ்த்தார், நிமிர்த்தினார்.
நடுவில் ஊசி நுழையும் துளை.
அதன்மேல் நகம் பதிந்த எம்-சீல்.

ஐப்பசி மழைத்தண்ணீர் டீசலில் இறங்குமென்று
வைத்து அழுத்தியது நான்தான்.
மிச்சம் வீட்டில் ஒழுகிய குடத்தில் இருக்கிறது.

"யாரு பாத்த வேலைக்கா இது?"
கம்பியால் குத்திக்கொண்டே கேட்டார்.

டிரெய்லரில் கயிறு தளர்ந்த மாதிரி இருந்தது.
போய் இறுக்கினேன்.