நாலாவது கதவு

முதற்கதவு மீன்பெட்டிப் பலகை.
சுன்னாகச் சந்தையில் சும்மா தந்தார்கள்.
மழைக்கு ஊதிப் பெருத்து,
திறக்கவும் மாட்டேன் மூடவும் மாட்டேன் என்று நின்றது.
அன்றைக்குக் கோழிகள் பத்து மணிவரை உள்ளே.
நான் தபாற்கந்தோருக்குப் பிந்திப் போய்
சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

இரண்டாவது,
பழுதாய்ப்போன குளிர்ப்பெட்டியின் கதவு.
ரப்பர் விளிம்போடு அச்சாய்ப் பொருந்தியது.
பொருந்தியதுதான் பிழை.
காற்றுப் போகாதே என்று இரவு ஒன்றரைக்கு நினைவு வந்து,
ரோச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு
இருபத்திமூன்று ஓட்டை போட்டேன்.
புவனேந்திரன் யன்னலால் எட்டிப் பார்த்து,
"உதுக்குள்ள என்ன, ஐஸ்கிறீமோ வைக்கப்போறீர்?" என்றார்.

மூன்றாவதைக் காசு கொடுத்தே செய்தேன்.
ரெஜினோல்ட் கடையில் அரை அங்குல வலை,
தேக்குச் சட்டம், பித்தளைக் கொழுக்கி.
அளவெட்டியில் இப்படி ஒரு கூட்டுக் கதவு இல்லை என்று
அவரே சொன்னார்.
கார்த்திகையில் ஒரு நாள், கரண்ட் இல்லாத இரவு,
மரநாய் அந்தக் கொழுக்கியைத் தூக்கிவிட்டு
உள்ளே போயிருக்கிறது.

அதற்குக் கை இருக்கிறது என்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆறு கோழி.
கிணற்றடி வரைக்கும் இறகு.
கறுப்பி மட்டும் முருங்கையில் இருந்தாள்,
ஒன்றும் நடக்காதது மாதிரி நெஞ்சைக் கோதியபடி.
கூட்டுக்குள் ஒரு நாளும் தங்காதவள்.
பொழுதுபட்டால் பிடித்து உள்ளே தள்ளுவேன்,
வீடு கட்டிக் கொடுத்தவளின் கோபத்தோடு.
எந்த ஓட்டையால் வெளியே வருகிறாள் என்று
இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

மரமேறும் நாய் மரத்தை விட்டுவிட்டு
கதவைத் திறந்திருக்கிறது.
நுனிக்கொப்பு தன்னைத் தாங்காது என்று
அதற்குத் தெரிந்திருக்கும்.
என் பித்தளை தாங்கும் என்றும்.

நான் அழவில்லை. எண்ணினேன்.
கந்தோருக்குப் போய் முத்திரை குத்தினேன்.
மத்தியானம், காசுக்கட்டளைத் தாளின் பின்புறத்தில்
ஒரு தாழ்ப்பாள் கீறினேன்:
முதலில் திருப்ப வேண்டும், பிறகு இழுக்க வேண்டும்.
இரண்டு வேலை.
மரநாய் ஒன்றைத்தான் படித்திருக்கிறது.

கூட்டைச் சுற்றி ஒரு முழம் கிடங்கு வெட்டி
போன தேர்தலின் தகரப் பலகைகளைப் புதைத்தேன்.
வேட்பாளர் மண்ணுக்குக் கீழே சிரித்துக்கொண்டிருக்கிறார்.
கீரி தோண்டினால் அவர் பல்லில் முட்டும்.

புதிதாய் ஐந்து பேட்டுக்குஞ்சு.
உள்ளே பூவரசந் தடி, கொப்பும் கணுவுமாய், சீவாமல்.
இது கறுப்பிக்காக.
வந்தாள். நடந்து பார்த்தாள்.
தடியில் ஒருமுறை அலகைத் தீட்டினாள்.
வெளியே போய்க் கூரையில் ஏறினாள்.

முருங்கை காற்றுக்கு முறிந்துவிட்டதால்
இப்போது அவளுக்குக் கூரைதான்.
தகரத்தில் நகம் வழுக்கும் சத்தம், கிறீச், கிறீச்,
விடிய விடிய.
புவனேந்திரன் தலையணையைக் காதில் அமத்திக்கொண்டு
"அவளுக்கும் ஏதாவது செய்யுமன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை
கூரைக்கு மேலே ஒரு குறுக்குத் தடி அடித்தேன்.
மேலுக்குத் தறப்பாள் துண்டு.
கூட்டின் நாலு காலுக்கும் வழுவழுத்த தகரம் சுற்றினேன்,
ஏறுகிறது ஏறி விழட்டும்.
அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
ஒன்றும் கேட்கவில்லை,
ஆணி கேட்டபோது ஆணி தந்தார்.

இருட்டுகிறது. கதவைச் சாத்துகிறேன்.
என் கை இன்னும் முதலில் இழுக்கிறது,
பிறகுதான் திருப்புகிறது.
மேலேயிருந்து கறுப்பி ஒரு கண்ணால் பார்க்கிறாள்.
குறுக்குத் தடி கிழக்கே ஒரு விரல் சரிந்திருக்கிறது.
முட்டைப்பெட்டி மூடியும் உரசுகிறது.
ரெஜினோல்ட் கடை
நாளைக்கு எட்டரைக்குத் திறக்கும்.