ஏழாம் விடயம்

இன்னும் நாலு பொலிஸார் கேட்டு
மேலிடத்துக்கு எழுதுவதா,
முன்பள்ளிக் கூரைக்கு
இருபத்தேழு தகரம் வாங்குவதா?

"மணல் ஏத்திறவன் இரவிலைதான் வாறான்.
ஆள் காணாது" என்றார் தயாநிதி.

"ஆள் கிடக்கட்டும்.
என்ரை முறைப்பாட்டை
எனக்கு விளங்காத பாஷையிலை எழுதி
என்னட்டையே கையெழுத்து வாங்கினவை.
தமிழ் தெரிஞ்ச ஓராள் போதும்."
யோகமலர் கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

தவிசாளர் கணக்குப் பார்த்தார்:
கடிதத்துக்கு முத்திரைச் செலவு மட்டும்.
தகரத்துக்குத்தான் காசு.

ஆகவே கடிதம், ஏகமனதாய்.

கைகள் உயர்ந்திருந்த நேரம்
மணல் டிப்பர் ஒன்று வாசலால் போனது,
பட்டப்பகலில்.
தேத்தண்ணிக் கோப்பைகள் நடுங்கி அடங்கும்வரை
ஒருவரும் கை இறக்கவில்லை.

தகரம் அடுத்த அமர்வுக்கு.
ஐப்பசி அதற்கு முந்தி.