ஆடியில் பெய்த மழை

பதினொரு வருசத்துக்குப் பிறகு வந்த மனுசன்
வந்த நாலாம் கிழமை குசினிக்குள்ள நுழைஞ்சு
"இண்டைக்கு நான்தான் சமையல்,
நீ அந்த ஸ்ரூலில இரு" எண்டார்.
இருந்தன்,
என்ர குசினியில நானே விருந்தாளி மாதிரி
கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல்.

டோட்முண்டில துருக்கிக்காரன் கடையில
சுருட்டு மாதிரிச் சுருட்டிப் பொரிக்கிற பலகாரமாம்.
உள்ளுக்குச் சீஸ்.
பனிக்கன்குளத்தில சீஸுக்கு எங்க போறது?
மாங்குளம் கடையில இருந்தது
வட்டப் பெட்டிக்குள்ள முக்கோணம் முக்கோணமாய்,
பிள்ளையளின்ர பாணுக்குப் பூசுறது.
அது உருகி ஓடிப்போமெண்டு மூஞ்சையைச் சுழிச்சார்.

அதால விடியக்காலமை
பால் வண்டி வர முன்னம்
பரஞ்சோதியின்ர பட்டியில மூண்டு லீற்றர்.
கொதிக்க வைச்சு, தேசிக்காய் பிழிஞ்சு, திரைச்சு,
என்ர நூல் சேலைத் துண்டில உப்போட கட்டி
அம்மிக் குழவியை மேல ஏத்திப்போட்டு
பின்னேரம் வரைக்கும் ஆரையும் கிட்ட விடேல்ல.
"பால் திரைஞ்சால் அம்மா ஏசுவா,
அப்பா வேணுமெண்டு திரைக்கிறார்" எண்டாள் மதுசிகா.
அவளுக்குப் பன்ரெண்டு.
அப்பா எண்டு சொல்ல முன்னம்
இன்னும் ஒரு மூச்சு எடுக்கிறாள்.

கோதம்ப மாவைக் குழைச்சு
சோடாப் போத்திலால உருட்டினார்.
"கீழ வைச்ச பேப்பர் வாசிக்கத் தெரியவேணும்,
அவ்வளவு மெல்லிசு."
வரேல்ல.
ஒரு பக்கம் தோசை, ஒரு பக்கம் ஓட்டை.

முதல் மூண்டும் எண்ணெய்க்குள்ள வாயைத் திறந்துது.
சீஸ் வெளிய வந்து வெடிச்சு
கலண்டர் பிள்ளையாரிலயும் தெறிச்சுது.
மனுசன் கரண்டியைக் கேடயம் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.
சிரிப்பை அடக்கினன்.
பிறகு அடக்க ஏலாமல்
எழும்பினன்.

தண்ணி பூசினால் ஒட்டாது.
ஒரு கரண்டி மாவைக் கூழாய்க் கரைச்சன்.
மிச்சத்தை ஈரத்துணிக்குக் கீழ ஆற விட்டன்.
நெருப்பைக் குறைச்சன்.
போத்திலைக் கையில எடுத்தது மட்டும்தான் நான்,
அதுக்குப் பிறகு கை தன்ரபாட்டில போச்சு:
உருட்டு, வெட்டு, வை, மடி,
கூழ் தொடு, சுருட்டு.
"முப்பது" எண்டார்.
எண்ணிக்கொண்டு நிண்டிருக்கிறார்.
"எங்க பழகினனீ?"

ஒரேயடியாய்ப் பத்தைத் தாச்சியில விட்டன்.
பொரியிற சத்தம் கூரை வரைக்கும் எழும்பிச்சு.
அவர் தலையைச் சரிச்சுக் கேட்டார்,
போனில கேக்கிற மாதிரி.

அங்க இரவு பதினொண்டரை, இங்க விடிய மூண்டு.
"மழையே?" எண்டு கேப்பார்.
ஓம், மழை எண்டு சொல்லுவன்.
மாரியில சொன்னன், சரி.
பங்குனியில சொன்னன்.
கச்சான் காத்து புழுதி அள்ளுற ஆடியிலயும் சொன்னன்.
வன்னியில இப்ப நல்ல மழையாமெண்டு
அங்க எத்தினை பேருக்குச் சொன்னாரோ.

சந்திக் கடைப் பஞ்சலிங்கத்துக்கு
நாளுக்கு நூற்றைம்பது பற்றிஸ், அறுவது ரோல்ஸ்,
யாழ்ப்பாண பஸ் தேத்தண்ணிக்கு நிக்க முன்னம்.
அவரை அனுப்பின ஏஜென்சிக் காசின்ர வட்டி
அதிலதான் போனது.
அவர் அனுப்பினது முதலுக்குப் போச்செண்டு நான் சொன்னது பொய்யில்லை.
வட்டியைத்தான் சொல்லேல்ல.

"அப்ப அந்த மழை..." எண்டார்.
"கிழங்கு பற்றிஸ்" எண்டன்.

பிறகு பேச்சில்லை.
பொரிச்சு முடிய, எண்ணெயை வடிச்சு,
நான் தொட முன்னம் தாச்சியைத் தூக்கிக்கொண்டு போனார்.
சாம்பல் கேக்கேல்ல, தும்பு கேக்கேல்ல.
சுடுதண்ணி, ஒரு பிடி உப்பு, கசக்கின பேப்பர்,
மணிக்கட்டால ஒரு சுழட்டு.
பிடிக்குக் கீழ, ஆணிக்குப் பின்னால,
ஆரும் பாக்காத இடமெல்லாம் விரல் போச்சு.
ஒரு நிமிசத்தில தாச்சி புதிசு.

சமையல்காரன் அப்பிடிக் கழுவமாட்டான்.
போனில அவர் எப்பவும் சமையல்காரன்.
எங்க பழகினனீங்கள் எண்டு
நான் கேக்கேல்ல.

மதுசிகா ஏழு திண்டாள்.
"உள்ளுக்குக் கொஞ்சம் கருவாடு வைச்சிருக்கலாம்,
அப்பா" எண்டாள்.
மூச்சு எடுத்தாளோ எண்டு நான் கவனிக்கேல்ல.
வாய்க்குள்ள சூடு.

அடுப்பைத் துடைச்சு, சுவரைத் துடைச்சு,
எல்லாம் துடைச்சு முடிச்சார்.
பிள்ளையாரின்ர தும்பிக்கையில ஒட்டின சீஸ் மட்டும்
இன்னும் அங்கதான் கிடக்கு.