குதிகால்

பதினோரு வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தவன் நான்.
முகங்கள் எனக்குப் பழக்கமில்லை.
சேலம் லீக்கில் ஆடிய அத்தனை பேரையும்
குதிகாலை வைத்துத்தான் தெரியும்.
ஷூவின் பின்பக்கம் தேய்ந்தவன் தயங்குவான்,
விரல்நுனியில் நிற்பவன் சீக்கிரமே கிளம்பிவிடுவான்.

கருப்பூர்ப் பக்கம், வெள்ளைக்கல் குவியலுக்குக் கீழே
மேட்டிங் விரித்த ஒரு பிட்ச்.
ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் காலை ஷிப்ட் முடித்து
நாலரைக்கு வந்துவிடுவேன்.
கோடு போடச் சுண்ணாம்பு வாங்குவதில்லை.
காற்று கொண்டுவந்து கொட்டுகிற பொடியை
அள்ளித் தூவினால் கிரீஸ்.

நவ்ஷாத் லெக் ஸ்பின். பதிமூன்று வயது.
பந்து காற்றில் ஏறும்போதே
பிள்ளைகளுக்குக் கால் இறங்கிவிடுகிறது,
பாதி வழி. அங்கேயே நின்றும்விடுகிறது.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
"போனா பந்து விழுற எடத்துக்கே போ.
போகலன்னா ஸ்டம்ப் பக்கம் ஒண்டிக்கோ.
நடுவுல என்ன, பஸ்ஸுக்கா நிக்கற?"

கத்திவிட்டு எனக்கே கூச்சமாக இருக்கும்.
அந்த நடுவில்தான் நான் பிழைத்தேன்.
நாற்பத்தேழு ஸ்டம்பிங்.
ஒவ்வொன்றும் யாரோ
முடிவெடுக்காமல் விட்ட அரை அடி.

ரேணுஸ்ரீ பேட் கட்டும்முன்
கொலுசைக் கழற்றி என் ஸ்கூட்டர் டிக்கியில் வைப்பாள்.
ஆறு வாரமாக, இறங்கும்போதெல்லாம்
கண் ஒரு நொடி கிரீஸுக்கு ஓடும்,
வீட்டைப் பூட்டினோமா என்று
பாதித் தெருவில் நினைத்துக்கொள்கிறவள் மாதிரி.
அதற்குள் பந்து திரும்பிவிடும்.

பேட்டைப் பிடுங்கி வைத்தேன்.
கீழ்க்கையாகப் பந்தைத் தூக்கிப் போட்டு
விழுந்து எழும்முன் இரண்டு கையாலும் அமுக்கு என்றேன்.
அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள்.
மேட்டிங் முழுக்க வெள்ளைச் சுவடு,
கோழி கிளறின மாதிரி.

வெள்ளிக்கிழமை நவ்ஷாத் உயரமாகப் போட்டான்.
குதிகால் இரண்டும் என்னைவிட்டுப் போயின.
ஒன்று, அதன் பின்னால் குறுக்கே இன்னொன்று, மறுபடி ஒன்று.
கண் பின்னால் வரவில்லை.
பந்து பேட்டைத் தாண்டி என் கைக்கு வந்தது.
பெயில்ஸைத் தட்டியபிறகுதான்
என்ன செய்தேன் என்றே தெரிந்தது.
மூன்றடி வெளியே நின்றிருந்தாள்.
"நல்லா வந்தேன்ல?"
வந்தாய் என்றேன்.

அடுத்த பந்து. அதே கால்கள்.
இம்முறை என் கையுறைக்கு எதுவும் வரவில்லை.
குவியலில் போய்ப் புதைந்த பந்து
மாவில் புரட்டிய போண்டாவாகத் திரும்பி வந்தது.

நவ்ஷாத் அதைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே
அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான்.
அவள் கார்டு எடுத்துக்கொண்டிருந்தாள்,
எனக்கு முதுகு காட்டி.

கோச் செய்யக் கூடாதுதான்.
இடது கையுறையை முட்டிக்கருகில் விரித்தேன்:
லெக் பக்கம். கொஞ்சம் வேகமாக.