முட்டுச்சந்து

நவம்பரில் முதல் மூட்டை திரும்பி வந்தது.
பிஸ்தா வியாபாரி ரெஃபிக் பே
ஒரு பொட்டலத்தைக் கிழித்து என் முகத்தருகே நீட்டினார்.
"மோந்து பாருங்கள், பெத்ரியே ஹனிம்."
மோந்தேன்.
பழைய பெயின்ட் டப்பா.
பச்சை மாறவில்லை, உப்பு மாறவில்லை,
உள்ளே எண்ணெய் மட்டும் காறிப்போயிருந்தது.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும்.
நீடே மலைச் சுண்ணாம்புத் தூள்
பிளாஸ்டிக்கை விட மலிவு.
முதலாளி நூற்றுக்கு எட்டு என்றார், பிறகு பதினைந்து,
ரமலான் முடிவதற்குள் இருபத்திரண்டு.
படலத்தை இழுக்கும்போது
ஒவ்வொரு குருணையும் தன்னைச் சுற்றி
ஒரு கண் திறந்துகொள்ளும்.
டயப்பருக்கு அது வரம்,
குழந்தையின் தோல் மூச்சுவிடும்.
பிஸ்தாவுக்கு மூச்சு ஆகாது.

அதனால் களிமண்.
குருணை இல்லை, ஏடு.
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதை
உருகிய பிளாஸ்டிக்குக்குள் பிரித்தெடுக்க வேண்டும்.
கல்லில் நார் உரிப்பது என்றால் இதுதான்.
பன்னிரண்டு நாள். ஏழு தடவை கட்டி தட்டியது.
எட்டாவதில் மேலே எழுந்த குமிழி
மூன்று மாடி உயரம், ஒரு புள்ளி இல்லை.
ஷேமுஸ் கைதட்டினான், பிறகு வெட்கப்பட்டான்.

ஏடுகள் படுத்துக் கிடக்க வேண்டும்.
நிமிர்ந்து நின்றால் காற்றுக்கு நேர்வழி.
படுத்தால்
காஸியான்தெப் கோட்டைக்குக் கீழே பழைய தெரு:
சுவர், திரும்பு, சுவர், மறுபடி திரும்பு,
கயிற்றில் காயும் கத்தரித் தோடு,
முட்டுச்சந்து,
வந்த வழியே போ.
விலாசம் கேட்க ஆளில்லாமல்
ஆக்சிஜன் அலையும்.

இரவெல்லாம் கருவி எண்ணியது.
நான் தேநீரோடு
அது எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விடியும்போது பாதிக்கும் கீழே.
பூஜ்யம் வரவில்லை. வராது.
"இனி காற்று உள்ளே போகாதே?" என்றார் ரெஃபிக் பே.
"போகும். தாமதமாகப் போகும்.
அதற்குள் நீங்கள் விற்றுவிட வேண்டும்."
அவர் சிரிக்கவில்லை. விலை கேட்டார்.

சோதனையில் மிஞ்சிய துண்டை நானே பையாக ஒட்டி
கால் கிலோ போட்டு
பிரேமனில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன்.
எதையும் உடனே பிரிப்பவள் இல்லை அவள்.
என் மேல் கோபம் வேறு, இரண்டு வருடமாக.
மே வரை கெடாது என்று
பையின் மேல் எழுதினேன்.
பிறகு மேயை அடித்துவிட்டு
ஜூலை என்று எழுதினேன்.